தொண்ணூறாவது வரி

கிம்லி, மானிட்டோபா
10 ஜூலை 1937

எக்கெர்ட்,

உன் கடைசி வரி நேற்று வந்தது. என்னுடையது உனக்கும் வந்திருக்கும். உறையைப் பிரித்ததும் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "அக்கா எங்கயோ கோட்டை விட்டுட்டா." நானும் அதையேதான் சொன்னேன், அக்காவை எடுத்துவிட்டுத் தம்பியைப் போட்டுக்கொண்டு.

ஆறு இலக்கத்தில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பதினோரு மாத உழைப்பு. தபால் அலுவலகத்தில் பியார்னி என் முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிப்போனார். எண்ணுக்குத்தான் ஆயிற்று என்றேன். அப்படி என்ன எண் என்று கேட்டார். நூற்றைம்பத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது, நாற்பத்தெட்டு இலக்கம், அது பகா எண்ணா இல்லையா என்று பார்க்கிறோம் என்றேன். எப்படிப் பார்ப்பீர்கள் என்றார். நாலில் தொடங்க வேண்டும். அதை அதனாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, நம் எண்ணால் வகுத்து, மீதியை எழுத வேண்டும். அது ஒரு வரி. அந்த மீதியை வைத்து மறுபடி அதையே செய்ய வேண்டும். இப்படி நூற்றைம்பத்தைந்து வரி. கடைசி மீதி சைபர் என்றால் பகா எண். இல்லையென்றால் அது வேறு ஏதோ இரண்டு எண்களாக உடையும்.

"எதால உடையும்?" என்றார் பியார்னி.

அது இந்தக் கணக்குக்குத் தெரியாது என்றேன்.

"அப்ப பதினோரு மாசம் உக்காந்து, உடையும்னு மட்டும் கண்டுபிடிச்சீங்களா?"

அதையும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. காசைக் கொடுத்துத் தபால்தலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நமது சட்டத்தை மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் சட்டம் வேண்டியிருப்பது உன்னால்தான். மூன்று வருடம் முன்பு முந்தைய எண்ணில் என் தாளைப் பார்த்து உன் தாளைத் திருத்திக்கொண்டாய். என் தாளில் இருந்தது பிழை. இரண்டு பேரும் ஒரே பிழையோடு டொரண்டோ பேராசிரியருக்கு அனுப்பி, அவர் அட்டவணையில் அச்சடித்து, பிறகு அடுத்த இதழில் திருத்தம் போட்டார். அந்தத் திருத்தத்தில் நம் இரண்டு பெயரும் இருந்தன. ஆகவே: வரிகளை முழுதாக யாரும் யாருக்கும் காட்டக் கூடாது. ஒரு வாரத்துக்கு ஒரு வரி, கடைசி ஆறு இலக்கம் மட்டும், இருவரும் ஒரே சனிக்கிழமையில் தபாலில் போட வேண்டும். பிசகு எந்த வரியில் என்று தெரிந்ததும் அந்த வரியின் மூலத்தாளை இருவரும் அனுப்ப வேண்டும். நகல் கூடாது. தாளின் தலைப்பில் தேதியும் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் இருக்க வேண்டும்.

பாதியாகப் பிரித்துத் தேடுவோம். வருகிற சனிக்கிழமை எழுபத்தேழாவது வரி. பேராசிரியர் டிசம்பரில் அட்டவணையை மூடுகிறார். அதற்கு முன்பே, செப்டம்பர் முப்பதாம் தேதி, மீன் நிலையத்தில் நான் இந்த வரிகளைப் போடுகிற கணக்கு இயந்திரத்தை வின்னிப்பெக் அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறார்கள். நிலைய அதிகாரி ஹானஸ் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். பிசகு என்னுடையது என்றால் அதற்குள் நான் எல்லாவற்றையும் மறுபடி போட்டாக வேண்டும். அதனால் அது உன்னுடையதாக இருக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

தோரா

ஹார்ட்ஃபோர்டு, கனெக்டிகட்
17 ஜூலை 1937

அன்புள்ள அக்கா,

எழுபத்தேழாவது வரி உள்ளே தனித் துண்டில் இருக்கிறது. சட்டப்படி சனிக்கிழமை, சட்டப்படி ஆறு இலக்கம். ஏழாவது இலக்கத்தை எழுதிவிடுவேனோ என்று என் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

நீ எழுதியதைப் படித்தால் நான் ஏதோ குதிரை திருடியவன் போல இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு செய்தது தப்பு. ஒத்துக்கொண்டேன், நாலு தடவை ஒத்துக்கொண்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் ஒன்பதாலும் பதினொன்றாலும் வகுத்துச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். பகலெல்லாம் காப்பீட்டு அலுவலகத்தில் நாற்பது வயதில் எத்தனை பேர் சாவார்கள், நாற்பத்தொன்றில் எத்தனை பேர் சாவார்கள் என்று அட்டவணை போடுகிறேன். அதில் ஒரு இலக்கம் பிசகினால் மேலதிகாரி என் தோலை உரித்துவிடுவார். இதுவரை உரிக்கவில்லை.

இங்கே வெயில் தாங்கவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்தால் இயந்திரச் சத்தம் தெருவுக்குப் போகிறது என்று வீட்டுக்கார அம்மா மிசஸ் டூலி சண்டைக்கு வருகிறார். போன மாதம் நீ அனுப்பிய கருவாட்டை நான் தின்ற அன்று சத்தத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வேறு புகார்.

ஒன்று யோசித்தேன், கோபப்படாதே. உனக்கும் கடைசியில் சைபர் வரவில்லை, எனக்கும் வரவில்லை. இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுதானே, எண் உடையும் என்பது? பேராசிரியருக்கு அதை மட்டும் எழுதிவிட்டு இந்தக் கோடையை நாம் கோடையாகக் கழிக்கலாமே. நீ ஏரிக்கரையில் உட்கார். நான் இங்கே மரநிழலில் உட்காருகிறேன்.

எக்கெர்ட்

கிம்லி
24 ஜூலை 1937

எக்கெர்ட்,

மரநிழலில் உட்காரு. உட்கார்ந்து நீ எழுதியதை நீயே ஒரு தடவை படி.

நடுவில் எங்கேயோ ஒரு இலக்கம் பிசகினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் குப்பை. குப்பை சைபரில் போய் முடியாது. அது ஏதாவது ஒரு நாற்பத்தெட்டு இலக்கத்தில் முடியும், பார்க்க அசலைப் போலவே இருக்கும். அதனால் சைபர் வரவில்லை என்பதற்கு, கணக்கு முழுவதும் சரியாக இருந்தால்தான் அர்த்தம். நாம் இருவரில் ஒருவர் குப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேருமேகூட இருக்கலாம். அந்த எண் பகா எண்ணாகவே இருந்து, நாம் கண்ணை மூடிக்கொண்டு உடையும் என்று எழுதி அனுப்பினால், மறுபடி ஒரு திருத்தம், மறுபடி நம் பெயர். இது உனக்குத் தெரியாதா? தெரியும். வெயிலில் சோம்பல். அதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்திருக்கிறாய்.

எழுபத்தேழு பொருந்துகிறது. முதல் பாதியில் பிசகில்லை. இனி நூற்றுப் பதினாறு. அதன்பிறகு எது என்று நான் எழுதும்வரை காத்திருக்காதே, நடு வரி எது என்று உனக்கே தெரியும். பின்னம் வந்தால் கீழே உள்ள முழு எண்.

ஒன்பதும் பதினொன்றும் நானும்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமையை என்னிடம் பேசாதே.

கருவாடு தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அனுப்ப மாட்டேனா? சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டுமா?

தோரா

ஹார்ட்ஃபோர்டு
7 ஆகஸ்ட் 1937

அன்புள்ள அக்கா,

நூற்றுப் பதினாறு பொருந்தவில்லை. நீயும் இந்நேரம் பார்த்திருப்பாய். இன்று தொண்ணூற்றாறை அனுப்புகிறேன், நீயும் அதையே அனுப்பிக்கொண்டிருப்பாய் என்று நினைக்கிறேன். எழுதிக் கேட்காமல் நாம் இருவரும் ஒரே வரியைத் தேர்ந்தெடுப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக இருக்கிறது. நீ திட்டுவாய் என்றாலும் எழுதிவிட்டேன்.

உன்னோடு சண்டைபோட இப்போது எனக்குத் தெம்பில்லை. அலுவலகத்தில் புதிய அட்டவணை, தினமும் எட்டு மணி வரை வேலை. வாரம் ஒரு வரி என்று தேடினால் செப்டம்பர் நடுவில்தான் முடியும். உன் இயந்திரம் போவதற்கு இரண்டு வாரம் முன்பு. பிசகு உன்னுடையதாக இருந்தால் அந்த இரண்டு வாரத்தில் நீ என்ன செய்ய முடியும்? பிசகு எழுபத்தேழுக்கும் நூற்றுப் பதினாறுக்கும் நடுவில் என்பது உறுதி. எழுபத்தெட்டிலிருந்து நான் முழுவதையும் மறுபடி போட்டுவிடுகிறேன். நீ சும்மா இரு. தேடுவதைவிட எனக்கு அது சுலபம்.

மிசஸ் டூலியின் பூனை என் நோட்டின் மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அதற்காவது இந்த எண்ணால் பிரயோஜனம் இருக்கிறது.

எக்கெர்ட்

கிம்லி
28 ஆகஸ்ட் 1937

எக்கெர்ட்,

எழுபத்தெட்டிலிருந்து முழுவதையும் மறுபடி போடுகிறாயா? எழுபத்தெட்டு வரியை? யாருடையது பிசகு என்று தெரியாமலே? வீட்டில் ஒரு ஓடு ஒழுகினால் கூரையையே பிரித்துப் போடுகிற ஆள் நீ.

தொண்ணூற்றாறு பொருந்தவில்லை. எண்பத்தாறு பொருந்துகிறது. தொண்ணூற்றொன்று பொருந்தவில்லை. இந்த உறையில் எண்பத்தெட்டு இருக்கிறது, நீயும் அதை இன்று போட்டிருப்பாய். ஐந்தே வரி மிச்சம். இரண்டு வாரத்தில் ஆளைப் பிடித்துவிடலாம்.

என் தாள்களில் தேதி பார்த்தேன். எண்பத்தேழிலிருந்து தொண்ணூற்றொன்று வரை எல்லாம் பிப்ரவரியில், அம்மா இறந்த வாரத்தைச் சுற்றி. இதைப் பற்றி நாம் எழுதிக்கொண்டதே இல்லை, இப்போதும் அதிகம் எழுதப்போவதில்லை. ஆனால் கணக்குக்கு வேண்டியிருப்பதால் கேட்கிறேன். அந்த வாரம் நீ சிகாகோவுக்கு அப்பால் பனியில் ரயிலில் மாட்டிக்கொண்டிருந்தாய். ஐந்து நாள் உன் இயந்திரம் ஹார்ட்ஃபோர்டில், நீ எங்கோ வயல் நடுவில். ஆகவே இந்த வரிகளை நீ திரும்பி வந்த பிறகுதான் போட்டிருப்பாய். களைத்துப்போய், அழுது வீங்கிய கண்ணோடு. பிசகு உன்னுடையது என்று நான் நினைப்பதற்கு அது ஒரு காரணம். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அந்த நிலைமையில் யாருக்கும் பிசகும்.

இருந்தாலும் தாளைப் பார்த்துத் தேதியைச் சொல்.

தோரா

ஹார்ட்ஃபோர்டு
4 செப்டம்பர் 1937

அன்புள்ள அக்கா,

எண்பத்தெட்டு பொருந்துகிறது. இனி இந்தத் தேடல் வேண்டாம். நீ சொன்னதுதான் சரி. பிசகு என்னுடையது, தொண்ணூறாவது வரியில்.

நேற்று உட்கார்ந்து பார்த்தேன், கண்டுபிடித்துவிட்டேன். நீ நினைத்த மாதிரி திரும்பி வந்த பிறகு களைப்பில் போட்டது. கூட்டலில் ஒரு இடத்தில், அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கைமாற்று இலக்கத்தை விட்டுவிட்டேன். சட்டத்துக்காக எண்பத்தொன்பதின் ஆறு இலக்கத்தையும், என்னுடைய தப்பான தொண்ணூறின் ஆறு இலக்கத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன். மூலத்தாளை அனுப்ப முடியாது. பிசகைப் பார்த்த ஆத்திரத்தில் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீ ஜெயித்துவிட்டாய். உன் கடைசி வரிதான் சரி. என் பக்கத்து அறுபத்தைந்து வரியை நான் டிசம்பருக்குள் மறுபடி போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு உதவி செய். நேரம் குறைவாக இருப்பதால், இந்த ஒரு தடவை மட்டும் உன் தொண்ணூறாவது வரியை முழுதாக எழுதி அனுப்பு. அதிலிருந்து தொடங்கிவிடுகிறேன்.

உன் இயந்திரத்தை நிம்மதியாகக் கொடுத்தனுப்பு. பிப்ரவரியைப் பற்றி மறுபடி பேச வேண்டாம்.

எக்கெர்ட்

கிம்லி
11 செப்டம்பர் 1937

எக்கெர்ட்,

நீ கிழித்தாயா?

ஒன்பது வயதில் எழுதிய வாய்ப்பாட்டு நோட்டைக்கூட இன்னும் பெட்டியில் வைத்திருக்கிற நீ, நாற்பத்தெட்டு இலக்கத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாயா? செப்டம்பர் மாதத்தில் ஹார்ட்ஃபோர்டில் குளிர்காயும் அடுப்பை மூட்டினாயா? என் காதில் பூ சுற்றாதே. அதற்கு மேல் என் வரியை முழுதாக அனுப்பு என்று கேட்கிறாய். எதற்காக இந்தச் சட்டத்தைப் போட்டோமோ அதையே கேட்கிறாய். உன் வரியைப் பார்க்கக் கேட்டால் அடுப்பு, என் வரியை மட்டும் நான் கொடுக்க வேண்டும்.

எண்பத்தொன்பது பொருந்துகிறது. தொண்ணூறு பொருந்தவில்லை. அதுவரை நீ சொன்னது சரி. இருந்தாலும் எனக்கு ஏதோ நெருடுகிறது. இந்த உறையை ஒட்டாமல் வைக்கிறேன். என் தொண்ணூறாவது வரியை நானே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிக்கிறேன்.

செவ்வாய், 14 செப்டம்பர்

பார்த்துவிட்டேன். பிசகு என்னுடையது.

பதினைந்து துண்டுப் பெருக்கல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்ட வேண்டுமல்லவா, அதில் ஒன்பதாவது துண்டை இரண்டு இடம் தள்ளி எழுதியிருக்கிறேன். இரண்டு இடம் தள்ளினால் அதை நூறால் பெருக்கிய மாதிரி. நூறை ஒன்பதால் வகுத்தாலும் மீதி ஒன்று, பதினொன்றால் வகுத்தாலும் மீதி ஒன்று. அதனால் நான் நம்பிய இரண்டு சோதனையும் சரி, சரி என்று தலையாட்டியிருக்கின்றன. ஒரு இடம் தள்ளியிருந்தால் பதினொன்று பிடித்துக் கொடுத்திருக்கும். இயந்திரம் செய்த பெருக்கல் எல்லாம் சரி. கையால் எழுதிக் கூட்டியதில்தான் வந்தது.

எங்கே உட்கார்ந்து கூட்டினேன் என்று தெரியுமா? கிம்லி ஸ்டேஷன் காத்திருப்பறையில், மடியில் அட்டையை வைத்துக்கொண்டு. "கிளம்பிவிட்டேன்" என்று உன் தந்தி வந்திருந்தது. பனியில் வின்னிப்பெக் வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். மண் கல்லாக உறைந்திருந்தது. ஸ்டெய்னி மாமா இரவும் பகலும் கட்டையைப் போட்டுத் தீ மூட்டி, மண்ணை இளக்கி அம்மாவுக்குக் குழி தோண்டியிருந்தார். நீ வரும்வரை அது மறுபடி உறையாமல் இருக்க அந்தத் தீயை அணைக்காமலே வைத்திருந்தார். பாதிரியார் பொறுமை இழந்தபோது மாமாதான் சொன்னார். "பய கிளம்பிட்டேன்னு சொல்லிட்டான். வந்துடுவான். இன்னொரு நாள் பார்ப்போம்." ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் நான் தலையைத் தூக்கிப் பார்த்திருப்பேன். அப்படி ஒரு தடவை குனிந்தபோது இரண்டு கட்டம் தள்ளி எழுதியிருக்கிறேன்.

இப்போது கவனி. திருத்திப் போட்டேன். நீ தப்பு என்று எழுதி அனுப்பினாயே ஆறு இலக்கம், அதுவேதான் வந்தது. உன் வரி சரி. சரியாக இருக்கிற வரியைத் தப்பு என்று சொன்னாய். தப்பே இல்லாத இடத்தில் விட்டுப்போன கைமாற்று இலக்கத்தைக் கண்டுபிடித்ததாகச் சொன்னாய். மூன்று வருடம் முன்பு நீ செய்தது சோம்பல். இது அதைவிட மோசம். பிழை செய்தவன் சரி என்று சாதிப்பதைப் பார்த்திருக்கிறேன். சரியாகச் செய்தவன் பிழை என்று கையெழுத்துப் போடுவதை நம் தொழிலில் யாரும் செய்ததில்லை. என் குப்பையை வாங்கி, அதிலிருந்து மறுபடி போட்டு, பொருந்திவிட்டது என்று பேராசிரியருக்கு அனுப்பியிருப்பாய்.

ஏன் என்று நேற்று முழுவதும் யோசித்தேன். பிறகு எத்தனை வரி முடித்தோம் என்று மாதக் கடைசியில் நாம் அனுப்பிக்கொள்ளும் எண்ணிக்கைச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரியில் எனக்கு நாலு வரி குறைந்திருக்கிறது. உனக்கு ஒரு வரிகூடக் குறையவில்லை. ஐந்து நாள் பனியில் நின்றவனுக்கு எப்படிக் குறையாமல் இருக்கும்? அந்தச் சீட்டு ஏழு மாதமாக என் மேஜையில் இருக்கிறது. வேறு யாருடைய கணக்காக இருந்தாலும் பார்த்த உடனே பிடித்திருப்பேன்.

தாளை அனுப்பு. கிழித்திருக்க மாட்டாய்.

தோரா

ஹார்ட்ஃபோர்டு
20 செப்டம்பர் 1937

அக்கா,

தாள் உள்ளே இருக்கிறது. கிழிக்கவில்லை.

பனி இல்லை. இங்கிருந்து சிகாகோவைத் தாண்டியும் அந்த வாரம் பாதை சுத்தமாக இருந்தது. உனக்குத் தந்தி கொடுத்தேன், டிக்கெட் வாங்கினேன், பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி வந்தது. ஏறவில்லை. அடுத்த வண்டியில் ஏறலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்ததும் வந்து போனது. பிறகு பெட்டியோடு அறைக்குத் திரும்பிவிட்டேன். மிசஸ் டூலி ஏன் போகவில்லை என்று கேட்டார். நாளைக்குப் போகிறேன் என்றேன். நாளைக்கும் அதையே சொன்னேன்.

டிசம்பரில் அம்மா எனக்கு எழுதியிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு நான் வருவேன் என்று எதிர்பார்த்தாள். கடிதத்தின் கடைசியில், "அந்த நம்பரை முடிச்சிட்டுத்தான் வருவியாடா?" என்று கேட்டிருந்தாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் விளையாட்டாக, ஆமாம், கோடையில் முடிந்துவிடும், முடித்துவிட்டு வருகிறேன் என்று பதில் போட்டேன். அதுதான் அவளுக்கு நான் எழுதிய கடைசிக் கடிதம். நீ படித்துக் காட்டியிருப்பாய்.

இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும்வரை இன்னும் முடியவில்லை, முடியவில்லையென்றால் நான் வருவதாகச் சொன்ன நாளும் இன்னும் வரவில்லை. அப்போது எனக்கு அது நியாயமாகப் பட்டது. முட்டாள்தனம் என்று இன்று தெரிகிறது. நீங்கள் காத்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குழிக்குப் பக்கத்தில் மாமா தீயைக் காத்தார் என்று உன் கடிதத்தில் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

நீ பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே வந்தாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரம் நெருங்கி வருவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாளை அனுப்பினால் தேதியைப் பார்ப்பாய். பிசகு என்னுடையது என்று சொல்லிவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தேன். அறுபத்தைந்து வரி மறுபடி போடுவது இதை எழுதுவதைவிட எவ்வளவோ சுலபம்.

என் இயந்திரம் என் சொந்தம், யாரும் பிடுங்கிக்கொண்டு போக மாட்டார்கள். பார்சல் கட்டி உனக்கு அனுப்பிவிடுகிறேன். டிசம்பருக்குள் முடியாவிட்டால் பேராசிரியருக்கு நான் எழுதுகிறேன், காரணம் நான்தான் என்று. அது உண்மை.

எக்கெர்ட்

கிம்லி
25 செப்டம்பர் 1937

எக்கெர்ட்,

தாள் வந்தது. முதலில் கணக்கைச் சரிபார்த்தேன். அப்புறம் தலைப்பில் தேதியைப் பார்த்தேன். அதற்கும் அப்புறம்தான் உன் கடிதத்தைப் படித்தேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று இதிலிருந்து நீ தெரிந்துகொள்ளலாம். உன்னைத் திட்ட எனக்கு முழு உரிமை இருந்தும், அந்த ஒரு விஷயத்தில் நான் உன் அக்காதான்.

பிப்ரவரி பதின்மூன்று, மூன்று மணிக்குத் தொடங்கி ஏழேகாலுக்கு முடித்திருக்கிறாய். உங்கள் ஊரில் மூன்று என்றால் எங்கள் ஊரில் இரண்டு. இரண்டு மணிக்குத்தான் மாமா, இனி அவன் வரமாட்டான் என்று சொல்லித் தீயை மண்ணால் மூடினார். அம்மாவைக் கயிறு கட்டி இறக்கும்போது கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் இல்லை. நான் பிடித்தேன். பெண்பிள்ளை பிடிக்க வேண்டாம் என்று பாதிரியார் சொன்னார், அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை.

அதே நேரத்தில் நீ பதினைந்து துண்டுப் பெருக்கல்களை எழுதி, கூட்டி, வகுத்து, மூன்று தடவை சரிபார்த்திருக்கிறாய். மூன்றாவது தடவை பார்த்ததற்கு ஓரத்தில் சின்னக் கோடு போட்டிருக்கிறாய். நாற்பத்தெட்டு இலக்கத்தில் ஒன்றுகூடப் பிசகவில்லை. நீ வராததை நான் என்றாவது மன்னித்துவிடுவேன். பனி என்று பொய் சொன்னதையும் மன்னித்துவிடுவேன், ஊரில் எல்லோரும் அதை நம்பினார்கள், நம்பட்டும். ஒன்றுகூடப் பிசகவில்லையே, அதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு இலக்கம் பிசகியிருந்தால் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதிருப்பேன்.

அந்த டிசம்பர் கடிதத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அவளே படித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "கோடைக்கு வர்றானாம், அதுக்குள்ள அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்" என்று சொன்னாள். கோபமாக இல்லை. நீ அதைக் கேட்டிருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இதை எழுதாமல் இருந்தால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். போதும், பொய் சொல்ல வீட்டுக்கு ஒருவர் போதும்.

இனி வேலை. உன் வரிகள் நூற்றைம்பத்தைந்தும் முடிந்துவிட்டன. அவை சரியா என்பதை இன்னொருவர் தனியாகப் போட்டுத்தான் சொல்ல முடியும். அந்த இன்னொருவர் நான். தொண்ணூறைத் திருத்திவிட்டேன். தொண்ணூற்றொன்றிலிருந்து தொடங்க வேண்டும். பேராசிரியருக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். தாமதமாகும் என்று நானே எழுதிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. பிசகு யாருடையது என்று மட்டும் எழுதினேன், என்னுடையது என்று.

இயந்திரத்தைப் பார்சலில் அனுப்பாதே. ரயில்காரர்கள் தூக்கிப் போடுகிற வேகத்தில் பல்சக்கரம் போய்விடும். நீயே கையில் தூக்கிக்கொண்டு வா. உன் நோட்டை மட்டும் கொண்டு வராதே, அதை மிசஸ் டூலியிடம் பூட்டி வைத்துவிட்டு வா, நம் சட்டம் இன்னும் இருக்கிறது. முப்பதாம் தேதி நிலையத்து இயந்திரம் போய்விடும். ஒன்றாம் தேதியிலிருந்து நான் சும்மா உட்கார்ந்திருப்பேன், எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது என்று உனக்குத் தெரியும்.

இயந்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, மாமாவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போ. இடத்தை அவர் காட்டுவார். நான் உன்கூட வரமாட்டேன். எனக்கு அறுபத்தைந்து வரி பாக்கி இருக்கிறது.

அக்கா